வயர் பெட்டியைக் கொட்டியபோது

பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த ஒரு படத்தை நண்பன் கேட்டான். படம் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, டிஸ்க் அலமாரியில் இருக்கிறது, அதைக் கணினியில் செருகும் வயரைத்தான் காணோம். இப்போதைய டைப்-சி கிடையாது; தட்டையாக, அகலமாக, நடுவில் ஒரு வெட்டோடு இருக்குமே, அந்த மைக்ரோ-பி. கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்துத் தரையில் கொட்டினேன்.

தேடியது அகப்படவில்லை. ஆனால் கொட்டிக் கிடந்ததைப் பார்த்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை. டைப்-சி வயர் மட்டும் பதினொன்று. இரண்டு காலர் மைக். கால் உடைந்த ட்ரைபாட் ஒன்று. எதற்கு வாங்கினேன் என்றே நினைவில்லாத மாற்றுப் பின்கள் ஒரு கை நிறைய. பாட்டு கேட்பது, குரல் பதிவது, படம் எடுப்பது மூன்றுமே எனக்குப் பொழுதுபோக்கு. எதிலும் சம்பாதித்ததில்லை. அதனால் தப்பாக வாங்கினாலும் கேட்பார் இல்லை. பெட்டி நிறைந்தது அப்படித்தான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மட்டமான சரக்கு என்று சொல்லத்தக்கவை இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல பொருள். என்னிடம் ஏற்கெனவே இருந்த இன்னொரு பொருளோடு ஒத்துப்போகாமல் பெட்டிக்குள் வந்தவை. மைக்கைப் பற்றி நாள்கணக்கில் படித்திருக்கிறேன், கேமராவைப் பற்றியும் படித்திருக்கிறேன். மைக்கின் பின் கேமராவின் துளைக்குள் போகிற அந்த அரை அங்குலத்தைப் பற்றி மட்டும் படித்ததில்லை.

முதலில் அந்தப் பதினொரு டைப்-சி வயர்கள். என்னை அதிகம் ஏமாற்றியவை இவைதான். தலை எல்லாம் ஒரே அச்சு, உள்ளே இருப்பது வேறு வேறு. போனோடு வரும் வயர்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடுபவை. வினாடிக்கு 480 மெகாபிட் என்பார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; கோப்பு நகலெடுக்கும்போது வினாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டுவதே அபூர்வம். அப்படி ஒன்றைச் செருகி, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக் கருவி ஒன்றில் 120 ஜிபி படங்களை ஏற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். எஸ்எஸ்டி சரியில்லை என்று முடிவுகட்டி வேறு வாங்கவும் தயாராகிவிட்டேன். திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியை எடுத்தபோதுதான் அதிலேயே வந்த குட்டை வயர் கண்ணில் பட்டது. அதைப் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

இந்த வயர்களின் பெயர்களை நம்பி வாங்க முடியாது. 2008இல் யுஎஸ்பி 3.0 என்று வந்த 5 கிகாபிட் வேகத்துக்கு 2013இல் 3.1 ஜென் 1 என்று பெயர் வைத்தார்கள், 2017இல் 3.2 ஜென் 1 என்று மாற்றினார்கள். வேகம் மூன்றிலும் ஒன்றுதான். அதனால் இப்போது நான் பதிப்பு எண்ணைப் பார்ப்பதே இல்லை. 5, 10, 20, 40 என்று கிகாபிட் கணக்கு எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். எழுதாவிட்டால் அது சார்ஜ் வயர் என்று எடுத்துக்கொள்வேன். மின்சாரக் கணக்கு தனி. சாதாரண டைப்-சி வயர் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 100 வாட், 2021 முதல் 240 வாட் வரை போக வேண்டுமானால் தலைக்குள் ஒரு சின்ன அடையாளச் சிப் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் 100 வாட் தாங்கும் தடித்த வயர் பல, தரவில் அதே பழைய 480 மெகாபிட்தான். தடிமனை வைத்து வேகத்தை எடைபோட்டு நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். வேகம் கூடக் கூட நீளம் குறையும் என்பதும் உதவும் குறிப்பு: இரண்டு மீட்டர் நீளத்தில் ஒல்லியான வயர் '40 கிகாபிட்' என்று சொல்லிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள்.

அன்றைக்கே பதினொன்றையும் ஒரே எஸ்எஸ்டியில் மாற்றி மாற்றிச் செருகி, ஒரே 10 ஜிபி கோப்பை நகலெடுத்துப் பார்த்தேன். வேகமானவற்றுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். மூன்றுக்குத்தான் நூல் தேவைப்பட்டது.

அடுத்தது வயர்லெஸ் மவுஸ். பெட்டியில் இரண்டு இருந்தன, இரண்டும் நல்ல நிலையில். முதல் மவுஸ் திடீர் திடீரென்று திரையில் திக்கும், தாவும். பேட்டரி மாற்றினேன், மேஜைத் துணியை மாற்றினேன், கடைசியில் மவுஸையே மாற்றினேன். புதியதும் அதே மாதிரி திக்கியது. படங்களை நகலெடுக்கும்போது மட்டும்தான் இப்படி ஆகிறது என்று கவனிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. காரணம் பிறகு தெரிந்தது. யுஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது வயரும் அதன் இணைப்பிடமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. மவுஸின் குட்டி ரிசீவர் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நான் ரிசீவரை எஸ்எஸ்டிக்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில் செருகியிருந்தேன். அரை மீட்டர் நீள யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு வயர் ஒன்றைப் போட்டு ரிசீவரை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினேன். அதன் பிறகு இன்றுவரை திக்கவில்லை. ப்ளூடூத் ஹெட்போன் அறுந்து அறுந்து கேட்கிறது என்று புலம்புபவர்களும் ஒருமுறை இதைப் பார்க்கலாம். ப்ளூடூத்தும் அதே அலைவரிசைதான்.

இனி மைக். இங்கேதான் நான் அதிகம் பாடுபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குரல் பதிய ஆரம்பித்த புதிதில் பெரிய வட்டத் தகடு வைத்த கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும். மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரத்தைக் கொடுத்துப் பதிந்து, போட்டுக் கேட்டால், என் குரலோடு மின்விசிறி, கணினியின் காற்றாடி, தெருவில் போன வண்டி, நான்கு சுவரின் எதிரொலி எல்லாம் சேர்ந்து கேட்டன. மைக்கில் குற்றமில்லை. நுணுக்கமாகக் கேட்பதற்காகச் செய்த மைக், அறையில் இருந்ததை எல்லாம் நுணுக்கமாகக் கேட்டது. எனக்குத்தான் அந்த அறை தெரியவில்லை.

உடனே எதிர்க்கோடிக்குப் போனேன். வானொலிக்காரர்கள் வாய்க்கு முன்னால் வைத்துப் பேசும் பெரிய டைனமிக் மைக் இனத்தில் ஒன்று. ஷூர் எஸ்எம்7பி அந்த இனத்தில் பேர்போனது. அந்த மாதிரி மைக்குக்குச் சுமார் 60 டெசிபெல் கெயின், அதாவது ஒலிப் பெருக்கம், வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்க என்னிடம் இருந்த சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸில் கெயின் குமிழைக் கடைசிவரை திருகினால் குரலோடு 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சலும் ஏறியது. இப்போது இதைச் சரிசெய்ய நடுவில் இன்னொரு சின்னப் பெட்டி வாங்க வேண்டும் என்றார்கள். அதை வாங்க இருந்த நேரத்தில் ஒலிப்பதிவு வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் பேசிக் காட்டியதைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, மைக்கை மாத்துறதுக்கு முன்னாடி வாயை நகத்து. நீ எங்கயோ உக்காந்திருக்க, அது எங்கயோ நிக்குது."

"கிட்டத்தானே அண்ணே இருக்கேன்?"

"ஒரு முழத் தூரம் உனக்குக் கிட்டவா? நாலு விரல் வச்சுப் பாரு."

கணக்கு எளிது. தூரம் பாதியாகும்போது நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபெல் சும்மா கிடைக்கிறது. அறையின் எதிரொலி அதே அளவில் நிற்பதால் குரல் தனித்துத் தெரியும். இவ்வளவு கிட்டே போனால் 'ப', 'ஃப' சொல்லும்போது காற்று மோதி 'புஸ்' என்று வரும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்படி வைத்தால் அது போய்விடும். முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிச்சுருதியும் (பேஸ்) கனக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு வயதானவர் குரல் மாதிரி இருந்தது, கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பிறகு துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்து பேசினேன். மடித்த துணிகள் எதிரொலியை விழுங்கிவிட்டன. அன்று பதிந்ததுதான் நான் இன்றும் பிறருக்குப் போட்டுக் காட்டுவது. நடுப்பெட்டி வாங்கவே இல்லை.

பெட்டியில் கிடந்த இரண்டு காலர் மைக்குகளின் கதை கொஞ்சம் கசப்பானது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் பழங்கதைகளைக் கேட்டுக் கேமராவில் பதிந்தேன். நாற்பது நிமிடம் அருமையாகப் பேசினார். காலர் மைக் சட்டையில் இருந்தது, பின் கேமராவில் இருந்தது, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கணினியில் போட்டபோது மெல்லிய சலசலப்பைத் தவிர வேறு ஒலி இல்லை. திரும்பப் பேசச் சொல்லலாம்; ஆனால் முதல்முறை சொன்னபோது வந்த சிரிப்பு இரண்டாம் முறை வருமா?

அந்த மைக்கின் பின்னை உற்றுப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் ஒரு வகை, மூன்று இருந்தால் இன்னொரு வகை. மூன்று வளையம் என்றால் நான்கு தொடர்பு: இரண்டு காதுக்கும் ஒலி, எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் வழியாக ஒரு கிரவுண்ட், ஒரு மைக். போனுக்கென்று செய்தது அது. கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பது இரண்டு வளையப் பின்னை. போன் மைக்கை அங்கே செருகினால் குரல் வர வேண்டிய அடிப்பகுதி, கேமராவின் கிரவுண்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். குரல் அங்கேயே முடிந்தது. இதற்கு விரல் நீள மாற்றுப் பின் உண்டு, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். தலைகீழானதை வாங்கினால் மறுபடியும் மௌனம்தான். என் பெட்டியில் இருந்த 'ஒரு கை நிறைய' மாற்றுப் பின்களில் பாதி இந்த வகை.

அன்றிலிருந்து கேமராவில் ஒலி பதியும் எந்த வேலைக்கும் ஹெட்போன் போடாமல் ஆரம்பிப்பதில்லை. ஹெட்போன் துளை இல்லாத கேமரா என்றால் பத்து வினாடி பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன். கேமரா வாங்கும்போது நூறு வசதிகளை ஒப்பிடுகிறோம். பேச்சு பதிய நினைப்பவருக்கு மைக் துளையும் ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்பது அந்த நூறில் பலவற்றை விட முக்கியம்.

ஸ்பீக்கர் உறுமலுக்கும் ஒரு வரி. மடிக்கணினியை ஸ்பீக்கரோடு இணைத்துச் சார்ஜரையும் போட்டால் 'ம்ம்ம்' என்று அடியில் ஓர் உறுமல், சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். இது பெரும்பாலும் ஸ்பீக்கரின் குறை கிடையாது. இரண்டு கருவியும் தனித்தனி வழியில் பூமிக் கம்பியைத் தொட, நடுவில் ஒரு வளையம் உண்டாகி வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால், இரு பக்கமும் ஏற்கும் கருவியாக இருந்தால், வழியில் புகும் இரைச்சலைக் கழிக்கும் பேலன்ஸ்டு வயர் போடுங்கள், இல்லையென்றால் ஒலிவழியில், நேரடி மின்தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் சின்ன ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். சிலர் சார்ஜரின் பூமிப் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். உறுமல் போகும், கூடவே உயிருக்கு இருந்த காப்பும் போகும். வேண்டாம்.

ஹெட்போன் விஷயத்தில் என் பாடம் வேறு மாதிரி வந்தது. ஹெட்போனுக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். போட்ட முதல் இரவே திரை விலகிய மாதிரி, பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதே ஒலிப்பதிவு அண்ணன் ஒருநாள் மல்ட்டிமீட்டரோடு வந்தார். கணினியின் துளையிலிருந்தும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் ஒரே சோதனை ஒலியை ஓடவிட்டு, வோல்டேஜை அளந்து இரண்டையும் சமமாக்கினார். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றி மாற்றிப் போட்டார். பன்னிரண்டு முறையில் ஏழு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். நான் கேட்ட 'தெளிவு' வெறும் சத்தம். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, நயம் என்று சொல்லும். விற்கும் இடத்தில் இரண்டு ஹெட்போனை மாட்டி ஒப்பிடும்போது எது சத்தமாகக் கேட்கிறதோ அதைத்தான் கை எடுக்கும். ஒலி அளவைச் சமமாக்காமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆம்ப்ளிஃபயரே வீண் என்று சொல்லவில்லை. என் ஹெட்போனுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள். என்னுடையது 32 ஓம், சுலபமாக ஓடும். 1997இல் வந்து இன்றும் பலர் விரும்பும் சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். போன் துளையில் போட்டால் மூச்சு வாங்கும், அதற்கு வோல்டேஜ் கொடுக்கத் தெரிந்த துளை வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வேறு வேறு ஹெட்போன்கள் உண்டு. பெயரைக் கேட்டு வாங்கினால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கமும் உண்டு: ஒலி கொடுக்கும் கருவிக்கும் தன்னுள்ளே ஒரு தடை இருக்கும். அது ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது என்பது பழைய கைக்கணக்கு. 32 ஓம் என்றால் 4 ஓமுக்குள். மீறினால் சில இயர்போன்களில், அதிலும் உள்ளே பல ஒலிப்பான் வைத்தவற்றில், அடி, நடு, உச்ச ஒலிகளின் சமநிலையே மாறும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இயர்போனில் அடிச்சுருதி வரவில்லை என்பவர்கள் முதலில் முனை ரப்பரை மாற்றிப் பார்க்க வேண்டும். காது அடைபடாவிட்டால் அடிச்சுருதி கசிந்து போகும். எவ்வளவு உயர்ந்த இயர்போனானாலும் தகர டப்பாதான். என் இடது காதுக்கு நடுத்தர அளவு, வலது காதுக்குச் சிறியது. இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைத்து மூன்று இயர்போன் வாங்கியவன் நான். பெரிய ஹெட்போனின் காது மெத்தையும் அப்படியே. நைந்து தட்டையாகிவிட்டால் ஒலி மாறிவிடும். அதனால் வாங்குமுன், மெத்தை தனியாகக் கிடைக்குமா, வயரைக் கழற்றி மாட்ட முடியுமா என்று பார்க்கிறேன். ஹெட்போனில் முதலில் சாவது வயரும் மெத்தையும்தான். குரல் பதியும்போது போட்டுக்கொள்ள மூடிய வகை வேண்டும். திறந்த முதுகு உள்ளதைப் போட்டால் அதன் சத்தம் மைக்குக்குள் போய்விடும்.

உயர்தரக் கோப்பு வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1982இல் வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் கணக்கு (வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது) அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தாங்கும், மனிதக் காது இளமையிலேயே 20ஐத் தாண்டாது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் இடைவெளி. கேட்க இது போதும். பதிவதற்கு மட்டும் 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள். கெயினைக் குறைவாக வைத்துப் பதிந்து பிறகு ஏற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

கேமராப் பக்கம் வந்தால், மெமரி கார்டு. அட்டையில் பெரிய எழுத்தில் வினாடிக்கு 170 மெகாபைட் என்று இருக்கும். அது கார்டிலிருந்து படிக்கும் வேகம். அதுவும் குறிப்பிட்ட ரீடரில் போட்டால்தான். கார்டும் கருவியும் பேசிக்கொள்ளும் சாதாரண யுஎச்எஸ்-1 இணைப்பின் உச்சமே 104 மெகாபைட். வீடியோவுக்கு வேண்டியது அறுந்துபோகாமல் எழுதும் குறைந்தபட்ச வேகம். அதைச் சொல்வது மூலையில் சின்னதாக இருக்கும் 'வி' எண்: வி30 என்றால் 30 மெகாபைட்டுக்குக் குறையாது, வி60, வி90 அதன்படி. உங்கள் கேமரா 100 மெகாபிட்டில் பதிகிறது என்றால் எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். வி30 தாராளம். நான் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பி, தேவையில்லாமல் வி90 வாங்கினேன். முதுகில் இரண்டாம் வரிசைத் தகடுகள் வைத்த யுஎச்எஸ்-2 கார்டு அது. என் கேமராவில் இருப்பதோ ஒரு வரிசைத் துளை. பந்தயக் குதிரையை மாட்டு வண்டியில் பூட்டிய கதை.

பெட்டியில் கிடந்த மட்டமான சரக்குகளில் ஒன்று 256 ஜிபி என்று எழுதிய கார்டு. உண்மையில் அதற்குள் இருந்தது 16. கார்டின் சிப் கேமராவிடம் பொய்க் கணக்குச் சொல்லும். 16 நிறைந்த பிறகு எழுதுவது காற்றில் போகும். படங்களின் பெயர் இருக்கும், படம் இருக்காது. இப்போது எந்தப் புதுக் கார்டு வந்தாலும் முதல் வேலையாக முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கிறேன். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. ஓர் இரவு ஓடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

ட்ரைபாடில் எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன்: முதலில் லேசானது, பிறகு கனமானது, கடைசியாக முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது. உயரத்தைப் பார்த்து வாங்கினால் நடுத்தண்டை ஏற்றித்தான் அந்த உயரம் வருகிறது என்பது பிறகு தெரியும். நடுத்தண்டை ஏற்றிய ட்ரைபாட், மூன்று காலில் நிற்கும் ஒற்றைக் கால். தண்டை இறக்கியபடியே கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்தால் போதும். கீழே கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம், காற்றில் பை ஆடாமல் தரையை லேசாகத் தொட வேண்டும். கேமராவின் அடியில் இருக்கும் திருகு ஏறக்குறைய எல்லாக் கேமராவுக்கும் கால் அங்குலம்தான். ஆனால் அதில் மாட்டி ட்ரைபாடின் தலையில் பூட்டும் தகடு ஆளுக்கு ஒரு வடிவம். 38 மில்லிமீட்டர் அகல ஆர்க்கா வகைத் தகட்டுக்கு மாறிய பிறகு எல்லாத் தலைக்கும் ஒரே தகடு. அந்த ஒரு முடிவு எனக்கு மிச்சப்படுத்திய எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

ஃபில்டரிலும் இதே தந்திரம் உண்டு. லென்ஸ் வாய்கள் 52, 67, 77 மில்லிமீட்டர் என்று பலவாக இருக்கும். பெரிய வாய்க்கு ஒரு நல்ல போலரைசர் வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு, பெரிய ஃபில்டரைச் சின்ன வாயில் மாட்டவைக்கும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொண்டேன். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூடை மாட்ட முடியாமல் போகும், அது ஒன்றுதான் குறை. போலரைசர் செய்வதைக் கணினியில் பிறகு செய்ய முடியாது. நீரின் மேல் பளபளப்பை அகற்றி அடியில் இருக்கும் கல்லைக் காட்ட வேறு வழியில்லை. யுவி ஃபில்டர் தேவையா என்றால், சென்சார் முன்னால் ஏற்கெனவே அந்த வடிகட்டி இருக்கிறது. கடல் தெறிப்பு, மணல் இருக்கும் இடத்தில் காப்புக்கு மாட்டுவேன், விளக்குகள் இருக்கும் இரவில் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் படத்தில் ஆவி மாதிரி விளக்கின் பிம்பம் விழும்.

பழைய ஃப்ளாஷ் ஒன்றும் கிடைத்தது, யாரோ கொடுத்தது. அதைக் கேமராவில் மாட்டக் கை போனது. நல்லவேளை, அடித்தகட்டில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 200 வோல்ட்டுக்கு மேல். பழைய ஃபிலிம் கேமராவின் உலோகத் தொடர்புகள் அதைத் தாங்கின. டிஜிட்டல் கேமராவின் சுற்று கருகலாம். ஃப்ளாஷைத் தூண்டும் வயர்லெஸ் கருவி ஒன்றை நடுவில் வைக்கலாமே என்று தோன்றும், அதுவும் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்த பிறகுதான்.

யாரோ பயன்படுத்தியதை வாங்குவது எனக்குப் பிடிக்கும். ட்ரைபாட், லென்ஸ், டைனமிக் மைக், ஸ்பீக்கர் எல்லாம் தாராளமாக வாங்கலாம். லென்ஸை ஒரு டார்ச்சால் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பேட்டரியும் மெமரி கார்டும் மட்டும் புதிது. எஸ்எஸ்டி என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று அதனிடமே கேட்கலாம், அந்தக் கணக்கை அது வைத்திருக்கும்.

மாலைக்குள் பெட்டி பாதியானது. மாற்றுப் பின்களில் ஒன்றை எடுத்துக் கேமராப் பையில் வைத்து, எந்தப் பக்கம் கேமராவுக்கு என்று மார்க்கர் பேனாவால் எழுதினேன். இரண்டாவது மவுஸைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தேன். கண்டென்சர் மைக்கை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. என்றாவது நல்ல அறை அமையும்.

மைக்ரோ-பி வயர் இருந்த இடம் இரவில்தான் தெரிந்தது. படங்களை ஏற்ற உட்கார்ந்து கார்டு ரீடரை இழுத்தபோது அதன் பின்னால் மாட்டியிருந்தது, தினமும் கைபடும் இடத்தில். கழற்றி டிஸ்கில் செருகினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றத் தொடங்கியது. 1 டெராபைட் என்று எழுதிய டிஸ்க், 931 என்று காட்டியது. டிஸ்க் செய்தவர்கள் ஆயிரத்தில் எண்ணுகிறார்கள், என் கணினி 1024இல் எண்ணுகிறது. நண்பன் கேட்ட படம் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. பிறகுதான் உறைத்தது: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கை ஊருக்கெல்லாம் சொல்லும் எனக்கு, இந்த டிஸ்குக்கு இன்னொரு பிரதியே இல்லை.

சிவப்பு நூல் கட்டிய வயர் ஒன்றை எடுத்து எஸ்எஸ்டியை மறுபக்கம் செருகினேன். அந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இருந்து என்ன, பழைய டிஸ்க் வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் என்று திரை காட்டியது. மவுஸ் ரிசீவர் அந்தக் கோடியில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன்.